பெட்டிக்குள் ஓடும் பீலித் தண்ணீர்

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததில்லை. தெமோதரையிலிருந்து பதுளைக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒருவன் என் மடியில் தூக்கி வைத்துவிட்டுப் போனது. இறக்கி வைக்க வேறு இடம் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

அவன் பெயர் லிங்கம். மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பைப் வேலை பார்த்து ஓய்ந்தவன். நான் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து லொறி ஓட்டியவன். வழியில் கண்டால் தலையாட்டுவோம். அதற்கு மேல் பழக்கமில்லை.

"அண்ணே, நீங்க கதை எழுதுவீங்களாமே?"

"எவன் சொன்னான்?"

"லைப்ரரி பலகையில உங்க படம் போட்ட பேப்பரை ஒட்டியிருக்காங்க."

"அதை இன்னுமா கிழிக்கல?"

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக் கதை ஒண்ணு இருக்கு. எழுதித் தாங்க. ஆனா முடிவு மட்டும் நான் சொல்ற மாதிரி இருக்கணும்."

"அப்ப நீயே எழுதிக்க."

"நான் எழுதுனா எனக்கே நம்பிக்கை வராதுண்ணே. இன்னொருத்தர் எழுதியிருந்தா நம்பிருவேன்."

என்ன முடிவு வேண்டும் என்று கேட்டேன்.

"வேகம் ஏறணும். சூடு ஏறக்கூடாது."

எதனுடைய வேகம், எதனுடைய சூடு என்று அப்போது விளங்கவில்லை. பதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது விளங்கியிருந்தது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

உங்களிடமும் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கதையை நம்புகிறவன் இல்லை. எழுதுகிறவர்களை அதைவிட நம்ப மாட்டேன். வாசிக்கிறவர்களையும் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்ப்பேன். கண்ணைத் துடைத்துவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போகிற ஆட்கள் நீங்கள். நானும் வாசிக்கிறபோது அப்படித்தான். கடைசியில் உங்களிடம் ஒரு வேலை தரப்போகிறேன். எழுந்து போவதென்றால் இப்போதே போகலாம்.

2

எப்படித் தொடங்குவது என்று சில நாட்கள் மல்லுக்கட்டினேன். கிழித்தவற்றையும் இங்கே வைக்கிறேன். ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது?

"பதுளை மலைகளில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில்..."

வேண்டாம். எங்களைப் பற்றி எழுத வருகிற எல்லாரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். ரயிலில் தொங்கிக்கொண்டு படம் எடுக்க வருகிறவர்கள் பனியைப் பற்றி எழுதட்டும். எங்களுக்குப் பனி என்றால் துணி காயாது, அவ்வளவுதான்.

"பிரவீனன் இறந்து பல மாதங்களாகியும் அவனுடைய பெட்டி..."

இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே பிணத்தைக் கிடத்தினால் நீங்கள் கைக்குட்டையை எடுத்துத் தயாராகிவிடுவீர்கள். அது அழுகை இல்லை, பழக்கம்.

"கம்பியூட்டர் என்றால் என்னவென்றே அறியாத அந்தத் தோட்டத்துக் கிழவன்..."

இது பச்சைப் பொய். லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொரு போன் இருக்கிறது. லிங்கத்துக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததுதான் அவனுக்குக் கேடு.

சரி. நேரே போகிறேன்.

3

லிங்கத்துக்கும் சந்திரகாந்திக்கும் ஒரே மகன் பிரவீனன். பதுளை டவுனில் ஒரு கம்பியூட்டர் கடையில் வேலை. பகலெல்லாம் ஊரார் கம்பியூட்டரைத் திருத்துவான். வீட்டுக்கு வந்தால் ஒரு பழைய கம்பியூட்டரில் கேம் விளையாடுவான். ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு அணி. ஒருத்தன் பண்டாரவளை, ஒருத்தன் மட்டக்களப்பு, மற்ற இருவர் கொழும்பு. ஒன்றாகக் கூடி நின்று ஒரு படம்கூட எடுக்காத கூட்டாளிகள்.

அவனுக்கு ஓர் ஆசை. தன் கையாலேயே தண்ணீரில் குளிரும் கம்பியூட்டர் ஒன்றைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு சாமானாகச் சேர்த்தான். கண்ணாடிப் பெட்டி முதலில் வந்தது. பிறகு ரேடியேட்டர், பம்ப், டியூப், மூட்டுகள்.

(விஷயம் தெரியாதவர்களுக்கு: கம்பியூட்டருக்குள்ளே மூளை மாதிரி ஒரு சில்லு இருக்கிறது. வேலை செய்யச் செய்ய அது கொதிக்கும். மற்றவர்கள் அதற்கு விசிறி வைத்து ஊதுவார்கள். இதில் சில்லின் தலையில் ஒரு செம்புக் கட்டியை வைத்து, அதற்குள்ளே தண்ணீரை ஓடவிடுகிறார்கள். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு டியூப் வழியாக ரேடியேட்டருக்குப் போய், ஆறித் திரும்பி வரும். என் லொறியிலும் இதேதான்.)

டியூப்பை அளந்து வெட்டுவதற்கு முன்னால் பிரவீனன் செத்துப்போனான். டெங்குக் காய்ச்சல்.

காரியமெல்லாம் முடிந்து ஊர் அடங்கிய பிறகு, அதே கடையில் வேலை பார்க்கும் நப்ரீஸ் வந்தான். முப்பது வயதுக்காரன், டவுனில் குடியிருக்கும் முஸ்லிம். பிரவீனன் நேரில் பார்த்துப் பழகிய ஒரே கூட்டாளி. "அங்கிள், அவன் பாதில உட்டத நாங்க முடிப்பமா?" என்று கேட்டான்.

இந்த நப்ரீஸை நான் முதலில் நம்பவில்லை. சும்மா உதவி செய்கிறவனை நான் கதையிலும் நம்ப மாட்டேன், வாசலில் வந்து நின்றாலும் நம்ப மாட்டேன். பெட்டியில் கண் வைத்துத்தான் வந்திருக்கிறான் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, அதைச் சரிபார்க்கக் கடைக்கே போனேன்.

"அந்தப் பெட்டி ஒனக்கு வேணுமா, தம்பி?"

கையில் திருகாணியோடு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"வேணும்தான். அப்பிடி ஒண்டு யாருக்கு வேணாம்? ஆனா அது அவன்ட சாமான்."

அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

பெட்டியைக் கட்டியது லயத்துக் காம்பராவில், லிங்கத்தின் கட்டிலுக்கும் சாமித் தட்டுக்கும் நடுவில். குழாய் என்றதும் லிங்கத்துக்குக் கை வந்துவிட்டது. ஒவ்வொரு மரையிலும் வெள்ளை டேப்பைச் சுற்றத் தொடங்கினான்.

"அங்கிள், அதுக்கு டேப் தேவல்ல. உள்ளுக்கு ரப்பர் வளையம் ஈக்கி."

"ரப்பரை நம்பி நான் ஒரு லயத்தையே நனைச்சிருக்கேன்."

"இது லயமில்ல அங்கிள், மதர்போர்ட்."

"மதரோ பாதரோ, மூட்டுன்னா ஒழுகத்தான் பாக்கும்."

ஒழுகுகிறதா என்று பார்க்க நப்ரீஸ் மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ காகிதம் வைத்தான். லிங்கம் சாமித் தட்டிலிருந்து திருநீற்றை எடுத்து அதே மூட்டுகளில் தடவினான்.

"இது என்னத்துக்கு? பூசையா?"

"ஈரம் பட்டா கறுக்கும்டா. காகிதம் ஒனக்கு, இது எனக்கு."

அடுப்படியிலிருந்து சந்திரகாந்தியின் குரல் வந்தது. "பொட்டிக்கெல்லாம் துன்னூறு பூசுறாரு மனுசன். அன்னைக்கு அவனுக்குப் பூசுனது பத்தலையாக்கும்."

நப்ரீஸ் சுவிட்சைத் தட்டினான். பம்ப் ஓடியது. எந்த மூட்டும் கறுக்கவில்லை.

4

இப்போது ஓவர்குளொக் என்ற விவகாரத்துக்கு வருகிறேன். கதையில் இப்படி நடுவில் நின்று பேசக்கூடாது என்பார்கள். லொறியை மேட்டில் நிறுத்தி ரேடியேட்டரைப் பார்க்காதவன் மேலே போய்ச் சேர மாட்டான். கொஞ்சம் நில்லுங்கள்.

சில்லு எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்று செய்தவன் ஓர் அளவு வைத்து அனுப்புகிறான். அந்த அளவுக்கு மேலே கூட்டி ஓட்டுவதற்குத்தான் இந்தப் பெயர். கூட்டினால் மின்சாரம் அதிகம் குடிக்கும், அதிகம் கொதிக்கும், சில நேரம் நடுவில் நின்றுபோகும். கூட்டலாமா கூடாதா என்று பெடியன்கள் இன்டர்நெட்டில் அடித்துக்கொள்கிறார்கள். கூட்டாவிட்டால் தண்ணீர் எதற்கு என்கிறது ஒரு கூட்டம். அளவில் ஓட்டினால் நெடுநாள் கிடக்குமே என்கிறது மற்றது. பேத்தியின் போனில் இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இந்த மலையில் எது அதன் அளவில் ஓடியிருக்கிறது? என் லொறிக்கு ஒரு பாரம் எழுதியிருந்தது. அதற்கு மேலேதான் எப்போதும் ஏற்றினார்கள். சந்திரகாந்தி கொழுந்து எடுத்த காலத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கு இத்தனை கிலோ என்று வைத்திருந்தார்கள். எட்டினாள். எட்டுகிறாளே என்று கூட்டினார்கள். அதையும் எட்டினாள். மறுபடியும் கூட்டினார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பெயர் கூப்பிடுகிறவனுக்கு, இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு முதுகு இருக்கிறது என்று தெரியாது. அவளுக்கு யாரும் ரேடியேட்டர் வைக்கவில்லை. இப்போது கோப்பையைப் பிடித்தால் அவள் விரல்கள் நடுங்குகின்றன. இதை உவமையாகச் சொல்லவில்லை. நடுங்குகின்றன.

அதனால்தான், சாமான் சேர்த்த காலத்தில் மகன் கூட்டப்போகிறேன் என்று சொன்னபோது லிங்கத்துக்குக் கோபம் வந்தது.

"அளவு வச்சவன் மடையனாடா?"

"அடுத்தவன் நம்மளக் கூட்டுனாத்தாம்ப்பா தப்பு. நம்ம சாமான நாமளே கூட்டுறதுல என்ன இருக்கு? அஞ்சுக்கு ஏத்திக் காட்டுறேன், பாருங்க."

ஐந்து என்றால் அந்த வேகத்தின் கணக்கு. நாலு சொச்சத்தில் ஓடுகிறதை ஐந்தாக்குவது. இதைக் கூட்டாளிகள் நால்வருக்கும் சொல்லி வைத்திருந்தான். சவால் மாதிரி. அவர்கள் இன்னும் மறக்கவில்லை. அவன் இறந்து வருடம் திரும்புகிற அன்று, அவன் பெயரிலேயே ஓர் ஆட்டம் ஆட வேண்டும், அவன் பெட்டியில் அவன் இடத்தில் நப்ரீஸ் உட்கார வேண்டும், பெட்டி ஐந்தில் ஓட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறார்கள். லிங்கமும் தலையாட்டிவிட்டான். ஒரு தரம் மகனுடைய பெயர் திரையில் ஓடுவதைப் பார்க்க வேண்டும் அவனுக்கு. வேறொன்றும் கேட்கவில்லை.

5

இந்தப் பகுதியில் ஆஸ்பத்திரி இருந்தது. எடுத்துவிட்டேன். பதுளையில் யாரும் குறை வைக்கவில்லை. குறை வைத்திருந்தால், லிங்கத்துக்குத் திட்டுவதற்கு ஓர் ஆளாவது கிடைத்திருக்கும்.

ஒன்றை மட்டும் விட முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், வீட்டில் கிடந்தபோது, சந்திரகாந்தி பிரவீனன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தாள். துணி காயக் காய லிங்கம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தான். (பீலி என்றால் மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்து இறக்கிய தண்ணீர். இராப்பகலாக விழுந்துகொண்டிருக்கும், மூடி கிடையாது.) அந்தக் குழாயைப் போட்டதே லிங்கம்தான். அந்தத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். துணியைப் போட்டதும் பையன் கண்ணை மூடி "ஆ..." என்பானாம். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தத் தண்ணீரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

6

ஆகவே, பெட்டியில் எந்தத் தண்ணீரை ஊற்றினான் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நப்ரீஸ் சொன்னது பேட்டரித் தண்ணீர். கார் பேட்டரிக்கு ஊற்றுகிற, உப்பும் சத்தும் எல்லாம் எடுத்த தண்ணீர். போத்தலில் கொண்டுவந்தும் வைத்தான். கூடவே பாசி பிடிக்காமல் இருக்க ஒரு மருந்துச் சொட்டும். லிங்கம் போத்தலைத் திறந்து மோந்து பார்த்தான், நாக்கில் ஒரு துளி விட்டான்.

"இது செத்த தண்ணிடா."

"அதுதான் அங்கிள் வேணும்."

"எம் மகன் பொட்டிக்குள்ள செத்த தண்ணிய ஊத்த மாட்டேன்."

நப்ரீஸ் கடைக்குப் போன பிறகு வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனான். வெள்ளைத் துணியில் வடிகட்டினான். ஊற்றினான். நப்ரீஸ் வந்து பார்த்தபோது தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரித் தண்ணீர் என்றே நினைத்தான்.

மடத்தனம் என்பீர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் ஊற்றியிருப்பேன். இந்த மலையில் பீலித் தண்ணீரைவிடச் சுத்தமானது ஒன்று இருக்கிறது என்று சொன்னால், சொன்னவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்போம். பிறந்த பிள்ளைக்கும் அதுதான், செத்தவரைக் குளிப்பாட்டவும் அதுதான். என் லொறிக்கும் அதைத்தான் ஊற்றினேன்.

சந்திரகாந்தியை இந்தக் கதையில் கொண்டுவராமல் விடத்தான் முதலில் பார்த்தேன். அழுகிற தாய் வந்தால் கதை அவளோடு போய்விடும். ஆனால் அவள் அழுகிறவள் இல்லை. வாயைத் திறந்தால் குத்தல்தான். அந்தப் பெட்டியை அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. "சாமிக்கு வெளக்கில்ல, இதுக்கு உள்ளுக்குள்ள கலர் கலரா லைட்டு" என்பாள். அப்படிச் சொல்லிக்கொண்டே, பெட்டி ஓடும்போது அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். ரேடியேட்டரிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வரும். பிறகு புறங்கையை நீட்டி அந்தக் காற்றில் வைப்பாள். உள்ளங்கையை வைக்க மாட்டாள். கொழுந்து எடுத்துக் காய்த்த உள்ளங்கைக்குச் சூடு தெரியாது. பிள்ளையின் காய்ச்சலையும் அவள் எப்போதும் புறங்கையால்தான் பார்த்தாள்.

"இப்ப பரவால்ல," என்பாள், யாரிடம் என்றில்லாமல்.

திரையின் மூலையில் சூட்டின் எண் ஓடிக்கொண்டிருக்கும். ஐம்பதில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் நூற்றுநாலு என்று எழுதியதைப் பார்த்த லிங்கத்துக்கு ஐம்பது என்றால் நிம்மதி.

"தொண்ணூத்தெட்டுத்தானே சரியான கணக்கு? இது கீழதானே கெடக்கு?"

"இது வேற அளவு அங்கிள். மனிசருக்குத் தொண்ணூத்தெட்டு நல்லம். இதுக்குத் தொண்ணூறே ஆகாது."

அன்றிலிருந்து லிங்கம் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். கேமைப் பார்ப்பதில்லை.

7

நவம்பர் மழையில் மண் இறங்கியது.

இந்த இடத்தில் நீங்கள் என்னைச் சந்தேகப்படுவீர்கள். கதைக்கு வசதியாக மலையைச் சரிக்கிறான் கிழவன் என்று. இந்தப் பக்கத்து மலைக்கு என் உதவி தேவையில்லை. மீரியபெத்தவில் லயத்தோடு ஆட்கள் புதைந்ததைக் கேட்டவர்கள் நாங்கள். மழை என்றால் இன்றைக்கும் காதைத் தீட்டிக்கொண்டுதான் படுப்போம். இந்தத் தரம் ஆட்கள் தப்பினார்கள், லயமும் தப்பியது. லயத்துக்குப் பின்னால் மேடு அப்படியே உட்கார்ந்து பீலியை மூடிவிட்டது. குழாய் எங்கே கிடக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. ஊற்றுக்கண் வேறு பக்கம் திரும்பிவிட்டதாம். லிங்கம் மண்வெட்டியோடு பல நாள் தோண்டினான். சேறுதான் வந்தது. இப்போது லயத்துக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் வருகிறது. மருந்து வாடை அடிக்கும் தண்ணீர்.

அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஊற்று போவது இங்கே புதிதில்லை.

வருடம் திரும்புகிற நாள் நெருங்கியது. ஒரு மத்தியானம் நப்ரீஸ் வந்து, ஒரு தரம் ஐந்துக்கு ஏற்றிப் பார்த்துவிடுவோம் என்றான். ஏற்றினான். திரையின் மூலையில் எண் ஏறத் தொடங்கியது. அறுபது. எழுபது. எழுபதில் நிற்கும் என்று நப்ரீஸ் சொல்லியிருந்தான். நிற்கவில்லை.

"என்னடா, ஏறுது?"

"பொறுங்க அங்கிள்."

"ஏறுதுடா!"

எண்பத்தைந்தைத் தாண்டியது. லிங்கம் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். சந்திரகாந்தி அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கையைச் சேலையில் துடைத்துவிட்டு, காற்று வருகிற இடத்தில் புறங்கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"எறக்கு," என்றாள்.

"ஒரு நிமிசம் ஆன்ட்டி, நான்..."

"எறக்குடா!"

நப்ரீஸ் இறக்கினான். எண் மெதுவாகக் கீழே வந்தது. பெட்டியைத் திறந்து போன் வெளிச்சத்தை டியூப்பில் அடித்துப் பார்த்தான். உள்ளே பச்சை. மூட்டுக்கு மூட்டு மெல்லிய பாசி. செம்புக் கட்டியின் சிறு ஓட்டைகளெல்லாம் அடைத்திருக்கும் என்றான். பிறகு லிங்கத்தைப் பார்த்தான்.

"அங்கிள். என்ன தண்ணி ஊத்தினீங்க?"

லிங்கம் சொன்னான்.

"உசிரு ஈக்கிற தண்ணி இதுக்கு ஆகாது அங்கிள். அதுலதான் எல்லாம் மொளைக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "பரவாயில்ல. தண்ணிய வெளிய ஊத்திட்டு, கழட்டிக் கழுவிட்டு, வேற போடுவம். ரெண்டு மணித்தியால வேல. அஞ்சுக்குப் போகலாம், சூடும் ஏறாது."

"எதை ஊத்திட்டு?"

அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒன்றாக அது விளங்கியது. பீலி மண்ணுக்குள்ளே போய்விட்டது. பையனின் நெற்றியில் போட்ட அந்தத் தண்ணீர் உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே இடம் இந்தப் பெட்டி.

"போத்தல்ல எடுத்து வெச்சுக்கொள்ளலாமே அங்கிள்," என்றான் நப்ரீஸ்.

நானும் பஸ்ஸில் அதையேதான் சொன்னேன். நீங்களும் அதைத்தான் சொல்லப்போகிறீர்கள். லிங்கம் எனக்குச் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

"போத்தல்ல கெடந்தா அது தண்ணிண்ணே. ஓடுனாத்தான் பீலி."

சும்மா விட்டாலும் அது நிலைக்காது. அந்தத் தண்ணீர் செம்பை அரித்துக்கொண்டிருக்கிறது, பாசி பம்ப்பை நெருங்கிக்கொண்டிருக்கிறது. சில மாதங்களில் பெட்டி தானாகவே நின்றுவிடும் என்று நப்ரீஸ் சொல்லிவிட்டான். பெட்டியைக் காப்பாற்றினால் தண்ணீர் போகும். தண்ணீரைக் காப்பாற்றினால் பெட்டி போகும், பிறகு தண்ணீரும் போகும்.

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது, லிங்கம் கேட்டது. தண்ணீரை மாற்றுகிறார்கள். பெட்டி ஐந்தில் ஓடுகிறது. எண் எழுபதைத் தாண்டாமல் நிற்கிறது. திரையில் பிரவீனன் என்ற பெயர் ஓடுகிறது. மட்டக்களப்பிலும் கொழும்பிலும் பண்டாரவளையிலும் பெடியன்கள் கூச்சல் போடுகிறார்கள். லிங்கம் சிரி...

சிரிக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறதே. பச்சைத் தண்ணீரை வாளியில் இறக்கி, லயத்துச் சாக்கடைக் கானில் கவிழ்க்கிற வரி. அதை யார் கவிழ்ப்பது? லிங்கமா? அவன் கை வராது. நப்ரீஸை ஊற்றச் சொன்னால் அந்த வீட்டுக்கு அவன் பிறகு வர முடியாது. சந்திரகாந்தியின் கையில் வாளியைக் கொடுத்து எழுதினேன். விரல்கள் நடுங்கி வாளி பாதி வழியிலேயே சிந்தியது. அந்தத் தாளை அடுப்பில் போட்டேன்.

இரண்டாவது. அதே தண்ணீரோடு ஐந்துக்கு ஏற்றுகிறார்கள். தாங்க முடியாத சூடு வந்தால் சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே அணைந்துவிடுமாம். பெயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுக்கிறது. ஒரு தரம் பார்த்ததை அந்த இரண்டு பேரும் மறுபடி பார்க்கிறார்கள். இதை எழுத முடியும். எழுதினால் நன்றாகவும் இருக்கும், பாராட்டுவார்கள். அதற்காகவே எழுத மாட்டேன்.

மூன்றாவது. ஏற்றுவதுமில்லை, மாற்றுவதுமில்லை. தினமும் கொஞ்ச நேரம் போட்டுப் பார்க்கிறார்கள். அவள் புறங்கையை வைக்கிறாள். ஒரு நாள் பம்ப் நிற்கிறது. இது முடிவே இல்லை. எங்கள் எல்லாருக்கும் நடந்துகொண்டிருப்பது இதுதான்.

நாலாவது ஒன்று இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

9

எழுதி முடிந்ததா என்று கேட்டு லிங்கம் போன் எடுத்தான்.

"இல்லடா. முடிவு வரமாட்டேங்குது."

"நான்தான் சொன்னேனேண்ணே."

"நீ சொன்னது பொய்யி."

பின்னால் பெட்டியின் பம்ப் ஓடுகிற முனகல் கேட்டது.

"சரி, உங்களுக்கு எது உண்மைன்னு படுதோ அத எழுதுங்க. வருசம் திரும்புற அன்னைக்கு வந்து வாசிச்சுக் காட்டுங்க. நீங்க என்ன எழுதியிருக்கீங்களோ அதையே நாங்க செஞ்சிர்றோம். எங்களுக்கு யோசிச்சு முடியலண்ணே."

போனை வைத்துவிட்டான்.

நான் கெட்டவன், வாய் நீளம், யாரையும் நம்பாதவன். ஆனால் ஒரு வீட்டில் எதை ஊற்றுவது, எதை அணைப்பது என்று தாளில் எழுதிக் கொடுக்கிற அளவுக்குப் பெரிய ஆள் இல்லை. அப்படி மேலே உட்கார்ந்து எங்களுக்கு அளவு எழுதினவர்களைத்தான் வாழ்நாளெல்லாம் பார்த்தேனே.

அந்த நாளில் நான் போவேன். படத்துக்குப் பூ வைத்திருப்பார்கள். நப்ரீஸ் திரைக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கீழே பேட்டரித் தண்ணீர்ப் போத்தலும் ஒரு வெறும் வாளியும் இருக்கும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து தொடங்கி இந்த வரி வரைக்கும் வாசிப்பேன். பிறகு தாள் வெள்ளையாக இருக்கும்.

"பெறகு?" என்பான் லிங்கம்.

நான் உங்களைக் கை காட்டுவேன்.

தொடக்கத்திலேயே சொன்னேன், ஒரு வேலை இருக்கிறதென்று. அப்போதே போயிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், உள்ளே வாருங்கள். குனிந்து வாருங்கள், நிலை தலையில் தட்டும். நப்ரீஸ், கொஞ்சம் தள்ளிக்கொள். சந்திரகாந்தி நகர மாட்டாள், அவளுக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள். திரையின் மூலையைப் பார்க்காதீர்கள், அந்த எண்ணை நான் எழுதவில்லை. காற்று வருகிற இடத்தில் கையை நீட்டுங்கள். உள்ளங்கை வேண்டாம், திருப்புங்கள். புறங்கை. பொறுங்கள், உடனே எடுக்காதீர்கள்.

இரண்டு பேரும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எப்படி இருக்கிறது?